நான்காவது பெல்ட்டில் கட்டிய துணி

என் எஸ்தர் அக்காவுக்கு,

கூப்பிட்டால் "இன்னாடி" என்று எரிந்து விழுந்துவிட்டு, அடுத்த நிமிடமே டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டுவாயே, அந்த அக்காவுக்குப் பேச்சி எழுதுகிறேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் மனதுக்குள் உன்னோடு பேசாத நாள் இல்லை. சொல்ல வேண்டியதை மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. அறையில் கூட இருக்கிற பிள்ளைகள் துணி துவைக்க மாடிக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

முதலில் இங்கத்துச் செய்தி. யார்டில் வேப்பமரத்தை ஒட்டி நீ ஒரே தடவையில் வண்டியை ரிவர்ஸ் எடுத்துச் சொருகுவாயே, அந்த இடத்தில் இப்போது பழைய டயர்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள். டீக்கடை சாந்தா தகரக் கூரை போட்டுவிட்டாள். உன் மகள் ஜெனிக்கு சுங்குவார்சத்திரம் கம்பெனியில் காலை ஷிப்ட் கிடைத்துவிட்டது. யார்டில் பெண்களுக்குக் கக்கூஸ் இன்றைக்கும் கிடையாது.

உன் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகம் இல்லை, உன் வண்டியின் படம். டிரைவர்கள் உட்காருகிற அறையில், தண்ணீர் கேனுக்கு மேலே, சுவரை அடைத்து ஒட்டியிருக்கிறார்கள். பக்கவாட்டில் நின்று எடுத்தது. கேபின் நசுங்கியிருக்கிறது. இரும்புக் குழாய்கள் அதைத் துளைத்துக்கொண்டு முன்னால் நீட்டியிருக்கின்றன. பின்பக்கம் இரண்டு பெல்ட் தொளதொளவென்று தொங்குகிறது. கீழே சிவப்பு எழுத்தில் "டிரைவரின் அலட்சியம்" என்று போட்டிருக்கிறார்கள்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பாதுகாப்புக் கூட்டம் நடக்கும்போது சூப்பர்வைசர் அந்தப் படத்தைக் குச்சியால் தட்டித் தட்டிப் பேசுகிறார். "நாலு பெல்ட்ல ரெண்டுதான் இழுத்துக்கீது. மீதி ரெண்டும் லூசு. அஞ்சு நிமிசம் சோம்பேறித்தனம், ஆளே காலி" என்பார். பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "லேடீஸ் கண்ணாடில மூஞ்சி பாக்கவே டைம் பத்தாது சார்" என்பான். சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நான் குனிந்து என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏழு கூட்டம் அப்படி உட்கார்ந்துவிட்டேன் அக்கா.

என் வாய் உனக்குத் தெரியும். கேட்டில் எவனாவது "பொம்பள டிரைவரா" என்று இழுத்தாலே வண்டியை நிறுத்தி இறங்கிச் சண்டைக்குப் போகிறவள் நான். நீதான் கையைப் பிடித்து இழுத்து வருவாய். அந்த வாய்க்கு அந்த அறையில் என்ன ஆகிறது? அந்தப் படத்தில் இருக்க வேண்டிய ஒன்று இல்லை. அது என்ன என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் வாய் திறக்கவில்லை.

இனிமேல் எழுதுகிறது எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரிந்ததையே சொல்கிறாள் என்று சலித்துக்கொள்ளாதே. இதை வேறு சிலரும் கேட்கப் போகிறார்கள். அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

கம்பெனி ஒரே நாளில் ஆறு பெண்களை பிளாட்பெட் வண்டிக்கு எடுத்தது. பக்கச் சுவரும் கூரையும் இல்லாத வெறும் தட்டு வண்டி அது. ஏற்றின லோடைப் பிடித்துவைத்திருப்பது பெல்ட் மட்டும்தான். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து நாலு வருடம் போன் கம்பெனி லைனில் நின்று பாகங்களைப் பூட்டிக்கொண்டிருந்தவள். நீ வாலாஜாபாத் ரோட்டில் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள். ஆறு பேருக்கும் சால்வை போர்த்தி, கையில் சாவி கொடுத்து, வண்டிக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். "இவங்க சாவியக் குட்த்தாங்க, சரி. கக்கூஸ் சாவி எங்கடி?" என்று நீ என் காதில் கேட்டாய். படத்தில் நான் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதற்கு அதுதான் காரணம்.

ஒரு வருடத்தில் நாலு பேர் போய்விட்டார்கள். வண்டி ஓட்டத் தெரியாமல் யாரும் போகவில்லை. காலை ஐந்து மணிக்கு வீட்டில் போய்விட்டு வந்தால் அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் போனார்கள். யார்டில் ஆண்களுக்கு இருக்கிறது. நம்மை ஆபீஸ் கட்டடத்துக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனால் கார்டின் கலர் வேறு என்று செக்யூரிட்டி திருப்பி அனுப்புவான். லோடு வரிசையை விட்டு நகர்ந்தால் டோக்கன் போய்விடும். நீயும் நானும் தண்ணீர் குடிக்காமல் ஓட்டிப் பழகினோம். உனக்குக் கிட்னியில் கல் வந்தது, எனக்கு நீர்க்கடுப்பு வந்தது.

ஒரகடத்தில் ஏற்றிக்கொண்டு வாலாஜாபாத் போகிற வழியில் சாந்தா கடை கிடைத்த அன்றைக்குத்தான் நமக்கு உயிர் வந்தது. கடைக்குப் பின்னால் அவள் வீடு. "வண்டி ஓட்ற பொம்பளைங்களா? பின்னாடி பாத்ரூம் கீது, கூச்சப்படாம போய்ட்டு வாங்க" என்றாள். நீ அவளை அடுப்படியிலேயே கட்டிப்பிடித்துவிட்டாய். பால் பொங்கி ஊற்றியது.

வண்டியை எப்படியும் அந்தத் தூரத்தில் ஒருமுறை நிறுத்தித்தான் ஆக வேண்டும். யார்டில் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், கொஞ்ச தூரம் ஓடியதும் லோடு குலுங்கி உட்காரும், பெல்ட் தளரும். இறங்கி இன்னொரு தடவை எல்லாவற்றையும் இழுக்க வேண்டும். அவரவர் வண்டியை அவரவர்தான் இழுக்க வேண்டும் என்பது விதி. வண்டி பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் கன்ட்ரோல் ரூமிலிருந்து போன் வரும் என்பதும் விதி. ஆளுக்கு நாலு பெல்ட் இழுத்து, பாத்ரூமும் போய்விட்டு, பத்து நிமிடத்தில் கிளம்ப எந்தப் பொம்பளையால் முடியும்?

"பேச்சி, ஒண்ணு பண்லாம்" என்றாய் நீ. "நான் உள்ள போவசொல்ல நீ ரெண்டு வண்டியும் இழுத்துடு. நான் வந்து கெளம்பிடறேன், நீ அப்பால போய்ட்டு என் பின்னாடியே வா. நாளைக்கு நான் இழுக்கறேன், நீ மொத போ. பின்னாடி கெளம்பறவளுக்கு எப்டியும் போன் வரும். அந்தத் திட்டையும் மாத்தி மாத்தி வாங்கிக்கலாம்."

இழுத்து முடித்ததற்கு ஒரு அடையாளம் வேண்டும் என்று உன் பழைய ஆரஞ்சுப் புடவையில் ஒரு முழம் கிழித்தாய். கடைசி பெல்ட்டை இறுக்குகிற கைப்பிடியில், டிரைவர் பக்கமாக அதைக் கட்டிவிட்டால் கண்ணாடியில் ஆடுவது தெரியும். துணி ஆடினால் கிளம்பலாம். கம்பெனியில் யாருக்கும் இது தெரியாது. ஒன்றரை வருடம் ஒரு தடவையும் பிசகவில்லை. நம்மை மாதிரி கெட்டிக்காரிகள் யாரும் இல்லை என்றுகூட நினைத்துக்கொண்டோம், இல்லையா?

அன்றைக்கு இழுக்கிற முறை என்னுடையது.

காலையிலிருந்து எனக்கு நீர்க்கடுப்பு. நின்றாலும் எரிச்சல், உட்கார்ந்தாலும் எரிச்சல். உன்னிடம் சொன்னால் "நீ மொத போ" என்பாய் என்று சொல்லவில்லை. முறையை மாற்றக்கூடாது என்று ஒரு வீம்பு. நீ உள்ளே போனாய். நான் முதலில் என் வண்டியை இழுத்தேன். நாலும் ஒழுங்காக இழுத்தேன். பிறகு உன் வண்டிக்கு வந்தேன். முன்னால் இருந்த இரண்டையும் இழுத்தேன். அப்போது ஒரு கண்டெய்னர் லாரி உரசுகிற மாதிரிப் போனது. அந்தக் காற்றில் என் தோளில் கிடந்த துணி பறந்து ரோட்டோரம் விழுந்தது. ஓடிப்போய் எடுத்தேன். மறுபடியும் பறந்துவிடக் கூடாது என்று, இன்னும் இழுக்காத நான்காவது பெல்ட்டின் கைப்பிடியில் கட்டினேன். கட்டிவிட்டு மூன்றாவது பெல்ட்டுக்குத் திரும்பினேன்.

அப்போதுதான் போன் வந்தது.

"இன்னா மேடம், பிக்னிக்கா?" என்றான் கன்ட்ரோல் ரூம் ஆள். "ரெண்டு வண்டியும் நின்னுகினே கீது?"

"என்ன கேள்வி கேக்கீக? லோடு கழண்டு விழுந்தா நீங்களா வந்து அள்ளுவீக?" என்று நான் ஆரம்பித்தேன். அவன் ஒன்று சொல்ல நான் ஒன்பது சொன்னேன். வயிற்றுக்குக் கீழே நெருப்பாக எரிந்தது. அதையெல்லாம் சேர்த்து அவன் மேல் கொட்டினேன். நீ முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாய். என் சண்டையைப் பார்த்துச் சிரித்தாய். வண்டியில் ஏறப் போனவள் நின்று, பின்னால் ஆடிய துணியைப் பார்த்தாய். என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கி, "முடிஞ்சிச்சா?" என்று கேட்டாய்.

நான் தலையாட்டினேன்.

நீ கேட்டாய் அக்கா. துணியை மட்டும் நம்பி நீ கிளம்பவில்லை. என்னிடம் கேட்டாய். போன் காதில், கண் பாத்ரூம் கதவில், நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடினேன். உன் வண்டி கிளம்புகிற சத்தமும், நீ எப்போதும் அடிக்கிற இரண்டு ஹாரனும் உள்ளே கேட்டது. குவளையில் தண்ணீர் மொண்டு ஊற்றும்போதுதான் என் கையைப் பார்த்தேன். மூன்றாவது கைப்பிடியை இந்தக் கை தொடவேயில்லை, நான்காவதை இழுக்கவேயில்லை என்று அப்போது தெரிந்தது.

வெளியே வந்து உனக்குப் போன் அடித்தேன். நாலு தடவை அடித்தேன். வண்டி ஓடும்போது நீ போன் எடுக்க மாட்டாய். ஸ்கூல் வேன் ஓட்டின காலத்திலிருந்து உனக்கு அது பழக்கம். மற்ற டிரைவர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவேன். அன்றைக்கு உன்னைத் திட்டினேன். இரண்டு பெல்ட்தானே, வாலாஜாபாத்வரைதானே, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

ஐந்து நிமிடம் ஓட்டியிருப்பேன். முன்னால் வண்டிகள் நின்றன. ஆட்கள் ஓடினார்கள். இறங்கி நானும் ஓடினேன். ரோட்டின் குறுக்கே ஒரு ஷேர் ஆட்டோ திரும்பி நின்றது. உள்ளே கம்பெனிச் சட்டை போட்ட பெண்கள், எட்டுப் பத்துப் பேர் இருக்கும், அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்திக்கும் கீறல் இல்லை. சந்திலிருந்து சட்டென்று வந்த அந்த ஆட்டோவை இடிக்காமல் நீ பிரேக்கைப் போட்டு மிதித்திருக்கிறாய். வண்டி நின்றுவிட்டது. லோடு நிற்கவில்லை.

இப்போது எழுதப் போவதை ஏழு மாதமாக யாரிடமும் சொன்னதில்லை. எல்லாரும் கேபின் பக்கம் ஓடினார்கள். நான் ஓடவில்லை. உன் வண்டியின் பின்பக்கம் கண்ணில் பட்டது. பெல்ட் செத்த பாம்பு மாதிரி தொங்கியது. அதன் கைப்பிடியில் ஆரஞ்சுத் துணி ஆடிக்கொண்டிருந்தது. நான் நேராக அங்கே போனேன். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். துணியைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் முன்னால் வந்தேன்.

அதற்குள் உன்னைக் கீழே இறக்கி, முகத்தையும் மூடிப் போர்வை போர்த்தியிருந்தார்கள். ஆட்டோவில் வந்த ஒரு பெண், இருபது வயதுகூட இருக்காது, என் சட்டையில் கம்பெனிப் பெயரைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள். "அக்கா, இவங்க ஒரு நிமிசம் பேசுனாங்க. பின்னாடி என் தங்கச்சி வண்டி வருது, அவள இட்டாந்து காட்டுங்கன்னாங்க. நீங்கதானா அது?" என்றாள்.

நான் இருபது அடி தள்ளித்தான் நின்றிருந்தேன். வாயில் துணியின் முடிச்சு இருந்தது. இதை எங்கே கொண்டுபோய் வைப்பேன் அக்கா?

போலீஸ்காரர் உன் போனைப் பார்த்துவிட்டு, நாலு தடவை ஏன் கூப்பிட்டாய் என்று கேட்டார். வாலாஜாபாத்தில் நின்று டிபன் சாப்பிடலாமா என்று கேட்கக் கூப்பிட்டேன் என்றேன். எழுதிக்கொண்டார். கம்பெனி ஆட்கள் வந்து பெல்ட்டைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். அந்தப் படம்தான் சுவரில் இருக்கிறது. துணி இல்லாத படம். அதைப் பார்க்கிற யாருக்கும் உன்மேல்தானே சந்தேகம் வரும்?

அடக்கத்தன்று ஜெனி அழவில்லை. எல்லாரும் அழுத்தக்காரி என்றார்கள். நாற்பது நாள் கழித்து நான் வீட்டுக்குப் போனபோதுதான் வாய் திறந்தாள். "எனக்கு அம்மா மேல கோவம் ஆன்ட்டி" என்றாள். "வூட்ல கேஸ் மூடிக்கீதான்னு மூணு வாட்டி எழுந்து போய்ப் பாப்பாங்க. பூட்ட இழுத்து இழுத்துப் பாப்பாங்க. ரெண்டு பெல்ட்ட எப்டி வுட்டாங்க? என்ன நெனச்சிருந்தா வுட்டுருப்பாங்களா?" அவள் கொடுத்த காப்பியைக் குடித்தேன். அதுவும் உள்ளே இறங்கியது, பார்.

அதற்குப் பிறகும் மாதம் ஒரு தடவை போனேன். அவளுக்குத் துணையாகப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். உன் படத்துக்குப் போட்ட மாலை காய்ந்துபோனதும் அவள் எடுத்துவிட்டாள், வேறு போடவில்லை. உன் பெயர் வந்தால் பேச்சை மாற்றினாள். ஒரு பிள்ளை தன்னைப் பெற்றவளைக் கோபித்துக்கொண்டே வாழ்கிறது. அந்தக் கோபத்தில் ஒரு துளிகூட உனக்குச் சேர வேண்டியது இல்லை. தெரிந்துகொண்டே நான் அந்த வீட்டுச் சோற்றைத் தின்றேன்.

இப்படியே இருந்திருப்பேனோ என்னவோ. பயம் என்றால் சின்னப் பயமா? கேஸ் வரும், லைசென்ஸ் போகும், ஊருக்குத் திரும்பினால் தம்பி வீட்டு வாசலில் நிற்க வேண்டும். இன்னொன்றும் சொல்லி மனதைச் சமாதானம் செய்துகொண்டேன். ஒரு பொம்பள தப்பு செய்தாள் என்கிறார்கள். இரண்டு பொம்பள சேர்ந்து செய்தார்கள் என்று தெரிந்தால் இனி ஒருத்தியையும் வண்டியில் ஏற்றமாட்டார்கள். அதனால் எல்லாப் பெண்களுக்காகவும்தான் நான் சும்மா இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். என் கோழைத்தனத்துக்கு எவ்வளவு பெரிய சால்வை போர்த்தினேன், பார்த்தாயா?

போன மாதம் இரண்டு புதுப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். சின்னப் பிள்ளைகள், நல்லாவே ஓட்டுகிறார்கள். அவர்களுக்கும் சால்வை போர்த்தினார்கள். அவர்களுக்கும் உன் வண்டிப் படத்தைக் காட்டினார்கள். வியாழக்கிழமை மதியம் நான் லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போது, சாந்தா கடை முன்னால் அவர்களுடைய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒருத்தியைக் காணோம். இன்னொருத்தி உள்ளே போனவளுடைய வண்டியில் பெல்ட் இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்து முடித்து, கடைசிக் கைப்பிடியில் ஒரு மஞ்சள் துப்பட்டாவைக் கட்டினாள்.

வண்டியை எங்கே நிறுத்தினேன், எப்படி ரோட்டைத் தாண்டினேன் என்று தெரியாது. துப்பட்டாவைப் பிடுங்கி எறிந்தேன். "யாருட்டீ இதச் சொல்லிக் குடுத்தது?" என்று கத்தினேன். அந்தப் பிள்ளை அழுதுவிட்டது. சாந்தா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"நான்தான் சொன்னேன் பேச்சி. நீயும் எஸ்தரும் பண்ணிகினு இருந்தீங்களே அதத்தான் சொன்னேன். பாவம், கொழந்தைங்க பாத்ரூம் போவ டைம் இல்லாம தவிக்கிறாங்கோ. நல்ல ஐடியாதானம்மா, அதுல இன்னா தப்பு?"

சாந்தாவின் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அவளுக்குத் தெரியாது. அவளுக்கு யார் சொன்னார்கள்? நான் இரண்டு வண்டியிலும் ஏறி எட்டு கைப்பிடியையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அன்றைக்குச் சரியாக இருந்தது. நமக்கும் ஒன்றரை வருடம் சரியாகத்தான் இருந்தது.

இன்று காலை ஜெனி கோயிலிலிருந்து வந்த பிறகு வீட்டுக்குப் போனேன். யூனிபார்ம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், நாளைப் பாதுகாப்புக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லப்போவதையும் சேர்த்து. துணியை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் முதலில் அயர்ன் பாக்ஸின் ஒயரைப் பிடுங்கினாள். உன் மகள்தான்.

"அம்மா கேட்டாங்களா?"

"கேட்டாக. நான்தான் தலையாட்டுனேன்."

"கேட்டுட்டுதான் ஏறுனாங்களா?"

"ஆமா. கேட்டுட்டுத்தான் ஏறுனாக."

துணியைத் தொட்டுப் பார்த்தாள். "இது எனக்குப் பாவாடை தெச்சாங்களே, அந்தப் பொடவ" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடக்கத்தன்று வராத அழுகை இன்று வந்தது. "அம்மா, சாரிம்மா, சாரிம்மா" என்று அவள் கதறியது வாசல்வரை கேட்டது. மன்னிப்பு கேட்க வேண்டியவள் வெளியே நிற்கிறாள், அவள் உள்ளே கேட்கிறாள். நான் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.

வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "இனிமே இந்த வூட்டுக்கு வராதீங்க" என்றாள். சரி என்றேன். இந்தத் தடவை அவள் ஆன்ட்டி என்று சொல்லவில்லை. நான் செருப்பை மாட்டும்போது கூப்பிட்டாள்.

"மீட்டிங் எத்தினி மணிக்கு?"

"எட்டு மணிக்கு."

"லீவு போட்டு நானும் வரேன். உள்ள வுடலன்னா கேட்டாண்ட நிக்கறேன். இன்னா சொன்னீங்களோ அத அப்டியே வெளிய வந்து எங்கிட்ட சொல்லணும். இந்தத் துணிய எடுத்துக்கினு போங்க. நாளைக்கு வேணும்."

நான் அங்கிருந்து வரும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உன் படத்தை இறக்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மேலே பிள்ளைகள் வாளியை வைக்கிற சத்தம் கேட்கிறது. முடிக்கிறேன் அக்கா. நாளைக் காலை அந்த அறையில் எழுந்து நின்று இந்தக் கடிதத்தை வாசிப்பேன். அந்த இரண்டு பிள்ளைகளையும் முதல் வரிசையில் உட்காரவைப்பேன். அவரவர் பெல்ட்டை அவரவர் கையால் இழுங்கள், எந்தத் துணியையும் எவள் தலையாட்டலையும் நம்பாதீர்கள் என்று சொல்வேன். அதற்கு எத்தனை நிமிடம் வேண்டுமோ அத்தனை நிமிடம் வண்டி நிற்கும், யார்டில் கக்கூஸ் வருகிறவரை சாந்தா வீட்டு முன்னால்தான் நிற்கும் என்று கன்ட்ரோல் ரூம் ஆளிடமும் சொல்வேன். அந்தப் பேச்சு உனக்குப் பிடிக்கும். ஆனால் அதைச் சொல்லி என் தப்பை மறைக்க மாட்டேன். பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், டிபன் சாப்பிடக் கூப்பிட்டதாகச் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுப்பேன். அப்புறம் நடக்கிறது நடக்கட்டும்.

இந்த ஆரஞ்சுத் துணியை அந்தப் படத்தில், நான்காவது பெல்ட் தொங்குகிற இடத்தில் குத்திவைப்பேன். கட்டியது நான், அவிழ்த்ததும் நான் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன். கீழே எழுதியிருக்கிற "டிரைவரின் அலட்சியம்" என்ற எழுத்தை என் கையாலேயே கிழிப்பேன்.

அன்றைக்கு நீ என்னைக் கூட்டிவரச் சொல்லிக் கேட்டாய். நான் பின்பக்கம் நின்றிருந்தேன். ஏழு மாதம் தாமதம் ஆகிவிட்டது. நாளைக்கு நேராக முன்னால் வருகிறேன் அக்கா.

உன் பின்னாலேயே வண்டியில் வந்த தங்கச்சி,
பேச்சி